ரெய்னோ கொண்டுவந்த கறுப்புப் பெட்டிகள்

மே 20

கரடியே,

உன் ஐலி எழுதுகிறேன். நானும் நாயும் இருக்கிறோம். கடிதம் என்றால் அங்கே சுகமா என்று கேட்பது முறை. உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் நேராகச் சேதிக்கு வருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ படித்துப் பழகியவன்.

பனி ஒருவழியாகப் போய்விட்டது. உருளைக்கிழங்கு பாதிப் பாத்தி போட்டாயிற்று. நாம் ஆவிக்குளியல் போடுகிற சவுனாவின் புகைபோக்கியில் ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது. ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று நானும் கலைக்கவில்லை.

போன ஞாயிறு நம் கல்யாண நாள், நாற்பதாவது. பத்து மணிக்கு உன் கூட்டாளி ரெய்னோ வந்தான். சர்ச்சுக்குப் போடுகிற சட்டை, தலையெல்லாம் படியச் சீவி. வண்டியிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினான். என் இடுப்பு உயரம், நல்ல கறுப்பு, பளபளவென்று. "ஐலி, இது உன் வில்பர்ட் உனக்காகச் செஞ்சது. குளிர்காலம் பூரா சனிக்கிழமை சனிக்கிழமை என் ஷெட்ல வந்து செஞ்சான். இன்னிக்குக் குடுக்கணும்னு வச்சிருந்தான். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். பெயிண்ட் மட்டும்தான் பாக்கி, அதை நான் அடிச்சேன்" என்றான். மனப்பாடம் செய்த பிள்ளைபோல ஒரே மூச்சில் சொன்னான்.

அழுதேன். உன்னைப் புதைத்த அன்று வராத அழுகை அவன் முன்னால் வந்துவிட்டது. அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, "அழாத ஐலி, அழாத" என்று சொல்லிவிட்டு அவனும் மூக்கைத் துடைத்தான்.

எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியுமா? அக்டோபரிலிருந்து சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்புவாய், சவுனா சூடேறுகிற நேரத்துக்கு, நாலு மணிக்கு வருவாய். ரெய்னோ ஷெட்டுக்கு என்பாய். அங்கே என்ன வேலை என்றால், "சும்மா, கிறுக்குத்தனம்" என்பாய். அடக்கம் முடிந்து சர்ச் கீழறையில் எல்லாரும் காப்பி குடிக்கும்போது நான்தான் ரெய்னோவைக் கேட்டேன், வாரா வாரம் ரெண்டு பேரும் அப்படி என்னடா செஞ்சீங்க என்று. அவன் வாயிலிருந்த ஏலக்காய் ரொட்டி தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமி, முதுகில் அறை வாங்கி, கண்ணில் தண்ணீரோடு, "அது ரகசியம், மே மாசம் தெரிஞ்சிடும்" என்றான். இப்போது தெரிந்துவிட்டது.

ஆனால் கரடி, என் கை சும்மா இருக்காதே. அவன் போனதும் தடவிப் பார்த்தேன். பக்கங்களெல்லாம் கண்ணாடிபோல வழுவழுப்பு. விளிம்புக்கு வந்தால் பூனை நாக்கு. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, வெட்டின இடத்தில் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதலில் பசையைத் தண்ணீரில் கரைத்து அதற்கு இரண்டு தரம் குடிக்கக் கொடுக்க வேண்டும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், பட்டி பார்த்து மறுபடியும் தேய்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் பிரைமர். இருபத்திரண்டு வருஷம் நீ ஸ்பீக்கர் பெட்டி செய்தாய், தேய்த்தது நான். ரெய்னோ இதில் ஒன்றும் செய்யவில்லை. போகட்டும், அடித்தது அவன்தானே, அவனுக்கு முட்டை வேகிறவரைக்கும்கூடப் பொறுமை கிடையாது.

தேய்க்க என்னிடம் கொண்டுவராமல் விட்டாயே என்று ஒரு நிமிஷம் வருத்தம். எனக்கான பரிசை என்னிடமே தேய்க்கக் கொடுப்பாயா என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் ஐலி


ஜூன் 28

கரடியே,

கொசு வந்துவிட்டது. நாய்க்குக் காதில் புண், மருந்து போடுகிறேன். உன் பச்சைச் சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. சேதி அதுவல்ல.

பெட்டியில் கோடு விழுந்துவிட்டது.

முதலில் விரல்தான் கண்டுபிடித்தது. தூசி துடைக்கிற துணிக்கு அடியில், மேல்பலகை ஓரமாக, விரிப்புக்குக் கீழே மேஜையில் ஒரு கத்திக் கீறல் இருந்தால் தட்டுப்படுமே, அப்படி. சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தபோது கண்ணாலும் பார்த்தேன். இரண்டு பெட்டியிலும், ஒட்டின ஓரம் எங்கேயெல்லாம் உண்டோ அங்கேயெல்லாம்.

இது ஏன் வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. பசையின் ஈரத்தில் பலகை ஊதும். ஊதியிருக்கும்போதே தேய்த்துச் சமமாக்கி பெயிண்ட் அடித்தால் அன்றைக்கு அழகாக இருக்கும். ஆறு வாரம் கழித்து ஈரம் போய், அந்த இடம் மட்டும் இறங்கும். அந்தப் பல் டாக்டருக்கு நீ செய்துகொடுத்த வெள்ளைப் பெட்டி இப்படித்தான் கோடு விழுந்து திரும்பி வந்தது. அதற்கப்புறம் நம் வீட்டில் ஒட்டின பெட்டி ஒரு மாதம் பாய்லர் பக்கத்தில் நிற்காமல் பிரைமர் பார்த்ததில்லை.

நீ போனது பிப்ரவரி பதினொன்று. அன்றைக்குக் காலையில் ஒட்டியிருந்தால்கூட மே மாதத்துக்குள் மூன்று மாசம் காய்ந்திருக்கும். காய்ந்த மூட்டில் கோடு விழாது. இந்தப் பெட்டியை ஒட்டும்போது நீ மண்ணுக்குள் இருந்தாய்.

அப்படியானால் சனிக்கிழமைகளில் நீ எங்கே இருந்தாய்?

ஒன்றை இழுத்தால் ஒன்று வருகிறது. பலகை அறுக்கிற நாளில் அந்த மாவுத்தூசி உன் புருவத்தில், காது மடலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். சவுனாவில் வேர்த்ததும் அது களியாகிவிடும், நான் நகத்தால் வழித்துவிட்டுத் திட்டுவேன். இந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகளில் உன் காது சுத்தமாக இருந்தது. ஒரு நாள் கேட்டேன், "ஷெட்ல வேலை பாத்தியா, உக்காந்து ஊர்வம்பு பேசினியா?" என்று. நீ ஒரு அகப்பை தண்ணீரை அடுப்பின் சூடான கல்மேல் ஊற்றினாய். ஆவி எழும்பி உன் முகம் தெரியாமல் போய்விட்டது. அப்போது அதை நான் ஆவி என்று மட்டும்தான் நினைத்தேன்.

ரெய்னோ வீடு இரண்டு மைல். சனிக்கிழமை சாயங்காலம் நீ வண்டி டேங்கை நிரப்பிக்கொண்டு வருவாய். இரண்டு மைலுக்கா?

அறுபத்தேழு வயசு, முட்டி மடங்காது, குறட்டை கூரையைத் தூக்கும், இவனை எவள் வைத்துக்கொள்வாள் என்று சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. இப்போது மருந்துக்கடையில் டோரிஸ் "எப்படி இருக்கே" என்று கேட்டால், இவள் ஏன் இத்தனை பாசமாகக் கேட்கிறாள் என்று பார்க்கிறேன். தபால் ஆபீஸ்காரி கண்ணைத் தாழ்த்தினால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கிறேன். நாற்பது வருஷம் யாரோடு இருந்தேன் என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு.

ரெய்னோவுக்குப் போன் செய்து, விளிம்பு சரியில்லை, சனிக்கிழமை வந்து தேய்த்துக் கொடு என்றேன். "சாப்பாடு உண்டா?" என்றான். உண்டு என்றேன்.

கர்த்தர் என்னையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

ஐலி


ஜூலை 5

கரடியே,

ரெய்னோ வந்துபோனான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவன் வருவதற்கு முன்பே பெட்டிகளைக் கீழறையில் இறக்கிவிட்டேன். ஸ்பீக்கரைக் கழற்றும்போது தெரிந்துவிட்டது, அவை அவன் வீட்டு முன்னறையில் பத்து வருஷமாகப் பாடினவை. ஒன்றின் ஓரத்தில் அவன் நாய் கடித்த தடம். உள்ளே பசை மெழுகுவர்த்திபோல வழிந்து நிற்கிறது. நீ என்றால் ஈரத்துணியால் துடைத்திருப்பாய். கறுப்பின் பளபளப்பைத் தேய்த்து எடுத்தேன், சாம்பல் பிரைமர் அடித்தேன், காய்ந்ததும் அதன்மேல் கறுப்பைப் புகைபோல லேசாக ஊதிவைத்தேன். தேய்க்கும்போது மேட்டில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் தங்கிவிடும். நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

அவனிடம் உப்புத்தாள் சுற்றின கட்டையைக் கொடுத்து, தேய் என்றேன். தேய்த்தான். நடுவெல்லாம் வெளுத்தது. ஓரத்தில் மட்டும் பென்சிலால் வரைந்ததுபோலக் கறுப்புக் கோடு நின்றது. கட்டையை வைத்துவிட்டு விரலால் அந்தக் கோட்டை அழுத்தி அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தான். "விரல வைக்காத ரெய்னோ. விரல் பள்ளத்துக்குள்ள இறங்கிடும், கோட்டை மறைச்சிடும். கட்டையிலயே தேய்" என்றேன்.

"போகமாட்டேங்குது ஐலி."

"போகாது. எப்ப ஒட்டினது?"

"டிசம்பர்ல. ஜனவரில."

"எது?"

"நடுவுல" என்றான்.

"நீ மீன் பிடிச்ச கதையையே இதைவிட நல்லாச் சொல்லுவியே!" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தான். "ஏப்ரல் கடைசில" என்றான்.

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டான். ஒரு சனிக்கிழமைகூட நீ அவன் ஷெட்டுக்குப் போகவில்லை. ஐலி கேட்டா உன்கூட இருந்தேன்னு சொல்லு என்று மட்டும் சொன்னாயாம். எங்கேடா போறே என்று அவன் ஒரே ஒரு தடவை கேட்டானாம். "ஒருத்தர் காத்துட்டிருப்பாங்க, போகலைன்னா நல்லா இருக்காது" என்றாயாம்.

ஆணா, பெண்ணா என்றேன். "கேக்கல" என்றான். நாலு மாசமாகவா கேக்கல என்றேன். "கேட்டா சொல்லிடுவானோன்னு பயம் ஐலி. தெரிஞ்சுட்டா உன் வீட்டுக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்து எப்படிக் காப்பி குடிக்கறது?" என்றான்.

பெட்டி எதுக்குடா செஞ்சே என்றேன். "நீ அன்னிக்கு சர்ச்ல கேட்டதும் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். சொன்னப்புறம் கையில காட்ட ஒரு பொருள் வேணும்ல? வெறும் வாய்வார்த்தைன்னா ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிடுவே."

"பொருளா இருந்ததால ஏழு வாரம் ஆச்சு" என்றேன்.

அவனை அடிக்கலாம்போல இருந்தது. அடிக்கவில்லை. மிச்சத்தையும் தேய்க்கச் சொன்னேன். நாலு மணிவரைக்கும் தேய்த்தான். கையெல்லாம் கொப்புளம், காதுக்குப் பின்னால் மாவு. இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி இரண்டு கொடுத்தேன், இரண்டையும் சாப்பிட்டான். ஸ்பீக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ, உன் வீடு ஊமையாக் கிடக்கும் என்றேன். மாட்டேன் என்றான்.

வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றான். "ஒரு தடவ அவன வழியில பாத்தேன் ஐலி. பாலத்து சிக்னல்ல. வண்டி சீட்ல அந்த செக்கர்ஸ் ஆடற பலகை இருந்துச்சு, உங்க வீட்டுப் பழசு. பாலத்தத் தாண்டிப் போயிட்டான். அவ்வளவுதான் தெரியும், சத்தியமா" என்றான். அவன் சத்தியத்துக்கு என்ன விலை என்று தெரிந்தும், இதை நம்புகிறேன்.

அலமாரியில் பார்த்தேன், வண்டியிலும் பார்த்தேன். பலகை இல்லை. கறுப்புச் சிவப்புக் காய்கள் போட்டுவைத்த துணிப்பையும் இல்லை. ஆசை வைத்த பொம்பளை வீட்டுக்கு எவனாவது செக்கர்ஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு போவானா? நீ போவாய். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் நீ ஆட்டம்தான் ஆடினாய். அதனால் அதை வைத்து எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

நேற்று உன் அடக்கத்தன்று வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட புத்தகத்தை எடுத்தேன். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு பெயர், தெரியாத ஒரு பொம்பளை, அதைத்தான் தேடினேன். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. கிடைக்கவில்லை. எல்லாரும் நம் ஆட்கள். அப்பாடா என்று காப்பி போட்டேன்.

காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அது வேறுமாதிரி ஆகிவிட்டது. அந்த ஆள் வரவில்லை. காத்திருக்கிற ஆள், தெரிந்திருந்தால் வராமல் இருப்பாரா? உன் சாவுச் சேதி நம் பக்கத்துப் பேப்பரில் மட்டும்தான் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லவில்லை. ரெய்னோவுக்கு யாரென்றே தெரியாது.

நீ போனது வியாழக்கிழமை. சனிக்கிழமை அங்கே யாரோ பலகையை விரித்துக் காயை அடுக்கியிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமையும் அடுக்கியிருப்பார்கள். அப்புறம் என்ன நினைத்திருப்பார்கள்? சலித்துப்போய்விட்டான் என்றா, ஏமாற்றிவிட்டான் என்றா? அந்த நினைப்பு ஆளை என்ன செய்யும் என்று இந்த ஒரு வாரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

பொம்பளையாகவே இருக்கட்டும் கரடி. என்னைவிட அழகாகவே இருக்கட்டும். நான் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், என்னை உள்ளே கூப்பிடக்கூட வேண்டாம். வண்டியில் பெட்ரோல் இருக்கிறது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நானும் கிளம்பப்போகிறேன்.

கர்த்தர் உன்னை மன்னிக்க ஏதாவது இருந்தால் மன்னிக்கட்டும், இல்லையென்றால் என்னை மன்னிக்கட்டும். உன் ஐலி கேட்கிறேன், இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடு: பாலத்தைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்புவாய்?