வேலியிலிருந்து இருபது அடி

போன வாரம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அண்ணே. உறையின் மேல் முத்திரையைப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைத் தெருவிலேயே விட்டதற்கு அபராதம் என்று நினைத்து, பிரிக்காமலே ஓடிப்போய் இரண்டு தொட்டிகளையும் கராஜுக்குள் இழுத்தேன். இழுத்த பிறகுதான் தெரிந்தது, ஒன்று எதிர்வீட்டுக்காரருடையது. அவர் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள்தான் படித்தாள். "அப்பா, ரிலாக்ஸ். இட்ஸ் நாட் எ ஃபைன். பக்கத்து சர்ச்ல இந்த விண்டரும் டென்ட் போடறாங்களாம். ஜஸ்ட் எ நோட்டீஸ்."

அதே நிபந்தனைகள்தான். தொண்ணூறு நாள்தான் அனுமதி, கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது, நிலத்தின் எல்லையிலிருந்து இருபது அடி தள்ளித்தான் கூடாரம். உங்கள் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வேறு யாரோ.

முதல் வருடம் சர்ச் கமிட்டி சார்பில் நீங்கள் இந்தத் தாளோடு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனீர்கள். வீடில்லாதவர்கள் எட்டுப் பேர், பார்க்கிங் இடத்தில் எட்டுக் கூடாரம் என்று சொன்னதும் பலர் கதவைச் சாத்தினார்கள். ப்ளஸ் டூ இங்கிலீஷில் தப்பிப் பிழைத்த எனக்குத் தாளில் ஒன்றும் புரியவில்லை. அதை மறைக்க, "டீ சாப்பிடறீங்களா?" என்றேன். நீங்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

டீயைக் குடித்துக்கொண்டே, "நானும் ஊரிலை கூடாரத்துக்கை இருந்தனான் தம்பி" என்றீர்கள். "என்ன சாப்பிட்டனெண்டு மறந்துபோச்சு. பக்கத்து வீட்டுச் சனத்தின்ரை முகம் மறக்கேல்லை."

பிறகு அளக்கும் நாள் வந்தது. நகராட்சியிலிருந்து ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வந்திருந்தாள். "இந்த நுனியை ஒருக்காப் பிடியும்" என்று டேப்பை என் கையில் கொடுத்தீர்கள். என் வேலியில் வைத்துப் பிடித்தேன். ஏழு கூடாரத்துக்குச் சரியாக இருந்தது. எட்டாவதற்கு இரண்டரை அடி போதவில்லை.

இந்த வேலிதானே எல்லை என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். மகள் குதித்து விளையாட டிராம்போலின் போட இடம் வேண்டுமென்று அந்த வேலியை சர்ச் நிலத்துக்குள் மூன்றடி தள்ளி நட்டவன் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல், ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அவள் ஆமாம் என்று எழுதிக்கொண்டாள்.

எட்டாவது கூடாரம் மார்த்தாவுக்கு, சலவைக்கடையில் துணி மடிப்பவளுக்கு. பையிலிருந்து பாதி எடுத்த கூடாரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் டேப்பை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "அண்ணே, அந்த டென்ட்டை ஒரு வாரம் டயட்ல வைங்களேன்."

நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். மார்த்தா கூடாரத்தைச் சுருட்டித் தன் காருக்குக் கொண்டுபோனாள். அந்த மூன்று மாதமும் அவள் வீடு அந்தக் கார்தான். காலையில் என் கடையைத் திறக்கப் போகும்போது, பனி படிந்த கண்ணாடியை உள்ளிருந்து துடைக்கும் கையைப் பார்ப்பேன். என்னைக் கண்டால் அந்தக் கை அசையும். நானும் கை ஆட்டுவேன்.

முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னை எழுந்து நிற்கச் சொன்னீர்கள். "எங்கடை நல்ல அயலவர்" என்றீர்கள். கைதட்டினார்கள். கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தீர்கள். சாப்பிட்டேன், அண்ணே. இன்னொரு துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன்பின் நான்கு வருடம் எத்தனை டீ குடித்தோம். உங்களுக்கு மூன்று கரண்டி சர்க்கரை, உங்கள் வீட்டு அக்காவுக்குத் தெரியாமல். உங்கள் அடக்கத்தன்று என்னைப் பேசச் சொன்னபோதும் டயட் கதையைத்தான் சொன்னேன். அழுதுகொண்டிருந்த அக்காகூடச் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை வேலியைப் பிடுங்கினேன். மூன்றடி பின்னால் புதிதாகக் குழி தோண்டி நட்டேன். பலகை பிடித்த மகள், "அப்பா, திஸ் வுட் இஸ் ஃபைன். ஒய் ஆர் வி மூவிங் இட்?" என்றாள். உளுத்துப்போச்சு என்றேன். அவள் பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாளை மறுநாள் அளக்க வருகிறார்கள். இந்தத் தடவை எட்டும் அடங்கும். உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. டேப் கையில் இருந்தபோதும் சொல்லவில்லை, நான்கு வருட டீயிலும் சொல்லவில்லை:

"அண்ணே, அங்கேருந்து அளக்காதீங்க. உங்க நிலம் மூணடி எங்கிட்ட இருக்கு."