ஆளில்லாத பாரம்

3-6-1958

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துப் பங்களாக்களில் சீசனுக்கு ஆள் வந்து இறங்குகிறார்கள். வாடகைக்குப் போக வேண்டிய அண்டாவும் தவலையும் மேலகரத்தில் நம் கடையிலேயே கிடக்கின்றன. வழக்கமான மாட்டுவண்டி இந்த வருஷம் வராதாம். நம் ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் இருந்தால் கவலையில்லை.

குத்துக்கல்வலசையில் பேராச்சி என்பவளின் தோட்டத்தில் ஒன்று கிடக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துப் போட்டது. ஒரு சக்கரம் மண்ணுக்குள். அடித்தகடு சல்லடை. தொட்ட இடமெல்லாம் துரு அப்பளம்போல் உதிர்கிறது. அவள் புருஷன் மந்திரமூர்த்தி ஓட்டியதாம். அவர் இப்போது இல்லை.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. பிறவு இங்கன கொண்டாந்து விட்டுராதிய" என்றாள்.

5-6-1958

தென்காசியில் துல்கர்னைன் பாய் பட்டறைக்கு இழுத்து வந்தேன். தட்டிப் பார்த்தார். "மேல்தோலுதான் போயிருக்கு அண்ணாச்சி. அச்சு நேரா இருக்கு. ஸ்பிரிங் பட்டையில ஒரு கீறல் இல்ல. அடிக்குப் பலகை போட்டா ஓடும்."

ஆனால் சக்கரம் இரண்டும் மாற்ற வேண்டும். இத்தனை பாடு தகுமா இதற்கு? இரண்டு நாள் யோசிக்கலாம்.

8-6-1958

வீட்டில் சண்முகசுந்தரி கேட்டாள்: "அந்த மனுசன் அதுல என்னத்த ஏத்திட்டுத் திரிஞ்சாராம்?" நான் கேட்கவே இல்லை.

12-6-1958

பாய் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். டிரெய்லர் வெறுமையாக நிற்கிறது. ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் முழுப் பாரம் ஏற்றியதுபோல் அமுங்கிக் கிடக்கின்றன. "காலையில நல்லாத்தான் நின்னுது" என்றார். இருவரும் இழுவைத் தண்டைப் பிடித்துத் தூக்கினோம். அசையவில்லை. துரு இறுகியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டைகள் மெல்ல நிமிர்ந்தன. ஒருவர் எழுந்து இறங்கினால் எப்படி நிமிருமோ, அப்படி.

பேரருவியில் பாறை ஏறிய ராஜபாளையத்து ஆள் ஒருவர் வழுக்கி விழுந்து செத்துப்போய்விட்டாராம். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

13-6-1958

பேராச்சியிடம் போய்க் கேட்டேன். மாட்டை மாற்றிக் கட்டினாள். பிறகு சொன்னாள். அருவியில் செத்தவர்களை ஆஸ்பத்திரிக்கு எடுத்துவர வேறு யாரும் வண்டி தரமாட்டார்கள், மந்திரமூர்த்திதான் போவாராம்.

"கொஞ்ச வருசத்துல அது ஆள் சாகுததுக்கு முந்தியே அமுங்க ஆரம்பிச்சிட்டு. அவுக அதப் பாத்துட்டுக் கயிறும் பாயும் எடுத்து வச்சிருவாக. போலீஸ்காரர் வந்து கூப்பிடுத வரைக்கும் உக்காந்திருப்பாக."

"போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவ சொன்னாக. கிறுக்கன்னு அடிச்சு வெரட்டிட்டாக. அதுக்குப் பிறவுதான் வண்டியச் சேத்துல கொண்டு விட்டுட்டாக."

14-6-1958

வேண்டாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன். பாயிடம் வெட்டச் சொல்லியாயிற்று.

16-6-1958

பாய் வெட்டவில்லை. "கை போகல அண்ணாச்சி. இத வெட்டிட்டா, நாளைக்கு ஒருத்தன் போகப்போறது நமக்குத் தெரியாமப் போயிரும்லா" என்கிறார்.

தெரிந்து என்ன செய்ய?

19-6-1958

இன்று காலை மறுபடி அமுங்கியது. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜீப்பை எடுத்தேன்.

பேரருவியில் ஒரே கூட்டம். இவர்களிடம் எதைச் சொல்வது? காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஏசுதாசனிடம் பொய் சொன்னேன்: மலைக்கு மேலே வெள்ளம் திரண்டு வருகிறது, தேனருவிப் பக்கமிருந்து இறங்கியவன் பார்த்தானாம் என்று. அவர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார். ஈரத்துணியோடு நின்று திட்டினார்கள். மத்தியானம் போயிற்று, பொழுது சாய்ந்தது. தண்ணீர் தெளிவாகவே விழுந்தது. "நாளைக்கு இந்தப் பக்கம் உம்மைப் பாக்கப்படாது" என்றார் ஏசுதாசன். பரவாயில்லை, ஒருவரும் சாகவில்லை என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

பட்டறையில் டிரெய்லர் அமுங்கியபடியே நிற்கிறது.

யாருக்கு? அய்யோ, இன்னும் யாருக்கு?

20-6-1958

பேராச்சி போய்விட்டாள். நேற்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே சரிந்திருக்கிறாள். காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். நேற்று நான் அருவியில் நின்ற நேரமெல்லாம்...

பிள்ளைகள் இல்லை. திருவேங்கடத்தில் இருக்கும் தமையன், இங்கே கொண்டுவந்துவிடுங்கள், காரியம் நான் செய்கிறேன் என்று சொல்லியனுப்பினார். எந்தக் கார்க்காரனும் வரவில்லை. நானும் பாயும் பலகை அறுத்து அடிக்குப் போட்டோம். சக்கரம் மாற்றினோம். பட்டைகள் அதற்குள் நிமிர்ந்திருந்தன. பாய் வீட்டம்மா ஜாஹிரா பீவி விரிக்கப் புதுக் கோரைப்பாய் கொடுத்தனுப்பினார்.

பேராச்சியை ஏற்றும்போது ஸ்பிரிங் கொஞ்சமும் இறங்கவில்லை. வழி முழுக்க, பின்னால் ஒன்றுமே இல்லாததுபோல் ஜீப் லேசாக ஓடியது. நாலைந்து முறை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

22-6-1958

டிரெய்லர் நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. துருவைச் சுரண்டிச் செங்காவி அடிக்க வேண்டும். சண்முகசுந்தரி ஒன்றே ஒன்று சொன்னாள்: "அதுல நம்ம பாத்திரம் ஏறக்கூடாது." ஏறாது.

30-6-1959

அமுங்கும் நாளில் அருவிக்குப் போய் நிற்பது இப்போது என் வேலை. சிலர் தப்பியிருக்கலாம், யார் என்று எனக்குத் தெரிய வழியில்லை. தப்பாதவர்களை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். கடையைச் சண்முகசுந்தரி பார்த்துக்கொள்கிறாள்.

இன்று பட்டைகள் நிமிர்ந்துதான் இருந்தன. ஒரு பங்களாவுக்குத் தவலை கொடுக்க டிரெய்லரை மாட்டாமல் வெறும் ஜீப்பில்தான் போனேன். போகிற வழியில் சாரலைப் பார்க்கலாமென்று அருவிக்கரையில் இறங்கினேன். ஏசுதாசன் என்னைப் பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார். பொம்பளைகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். என்னைக் கடக்கும்போது ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு ஒன்றுமில்லை, போய்க் குளியுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.