இந்த வருஷம் கட்டு போட்ட இடம்

என் மகன் கின்னிக்கு,

இங்கே நான் இரண்டு வேளையும் ஒழுங்காகக் கஞ்சி குடிக்கிறேன், மாடு கன்று போட்டிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. குவைத்தில் இப்போது குளிர் என்கிறார்கள், கொண்டுபோன கம்பளி போதுமா? இதைப் போனில் சொல்ல மூன்று தடவை வாய் எடுத்தேன், வரவில்லை. வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது. நாலாம் வகுப்புக் கையெழுத்து, பொறுமையாகப் படி.

அப்பாவின் காரியம் முடித்து நீ போன பிறகு பெய்த மழையில் நம் ஆறு தடம் மாறிவிட்டது. பாறைக்காட்டில் புறப்பட்டு, முந்திரிச் சரிவைச் சுற்றி, மோனப்பன் தோட்டத்துக்குப் பின்னால் வளைந்து வருமே, அந்த வளைவில் காட்டுமாமரம் விழுந்து அடைத்துக்கொண்டது. ஆறு வளையாமல் நேராக அறுத்துக்கொண்டு நம் தோட்டத்துக் கீழ்மூலைக்கே வந்துவிட்டது. அப்பா வருஷா வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆற்றுக்குக் குறுக்கே கட்டு போட இடம் காட்டுவாரே, அங்கே இப்போது வெறும் மணல். கட்டு போட்டுத் தண்ணீரை நிறுத்தாவிட்டால் சிவராத்திரிக்குள் கிணறெல்லாம் வற்றும், விஷுவுக்குள் பாக்கு மரம் தலை தொங்கும், பதினொரு வீட்டுக்கும் அதுதானே சோறு. தீபாவளி கழிந்ததும் மோனப்பனும் பெரியவர் அவ்வுக்காவும் வந்தார்கள். வெற்றிலை போட்டார்கள், கன்றுக்குட்டியைத் தடவினார்கள், போய்விட்டார்கள். இப்படி மூன்று தடவை. பிறகு பார்த்தால் ஆறு புதிதாக அறுத்த தடத்தில், நம் மூலைக்கு மேலே, வெறும் மணலிலேயே கல்லும் மண்ணும் தழையும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரண்டே நாளில் அடியில் ஊறி ஓடிவிட்டது. அவ்வுக்கா சும்மா இருப்பாரா, "இதுக்குப் பேசாம ஆளுக்கொரு சல்லடை வாங்கி ஆத்துல போட்டிருக்கலாம்டா மோனப்பா" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். மோனப்பன், "தாடி நரைச்சும் வாய் நரைக்கலியே அவ்வுக்கா உங்களுக்கு" என்றானாம்.

இத்தனை வருஷம் கட்டினவர்கள் மணலில் ஏன் கட்டினார்கள் என்று நானே ஆற்றோடு நடந்து பார்த்தேன். நம் மூலைக்குக் கீழே இரண்டு பாறை நெருங்கி நிற்கிறது, அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே கட்டினால் தேங்குகிற தண்ணீர் அந்த மூலையில் அப்பாவை எரித்த இடத்தில் முழங்கால் அளவு ஏறும். அப்போதுதான் புரிந்தது. மோனப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலை நிமிரவில்லை. "அண்ணன் படுத்திருக்கிற இடத்துல தண்ணி ஏத்தறோம்னு எந்த வாயால கேக்கறது அண்ணி? பாக்கு போனாப் போகுது" என்றான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அந்தப் பாக்கை விட்டால் வேறு என்ன இருக்கிறது. கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் அந்த மூலைக்கே போய்ப் போய் வந்தேன். தினமும் பால் கறந்துவிட்டு அந்த மூலையில்தான் போய் உட்காருவேன் கின்னி, எனக்கென்று இருந்தது அந்த ஒரு இடம்தான்.

மூன்றாம் நாள் காரியம் முடித்து நீ அங்கே வைத்த தென்னங்கன்றை வேர் மண்ணோடு பெயர்த்து மேல்வரிசையில் நட்டேன். பயப்படாதே, புதுக்குருத்து விட்டிருக்கிறது. பிறகு எல்லாரையும் வரச்சொல்லி, நானே தண்ணீரில் இறங்கி அந்த இரண்டு பாறைக்கு நடுவே, இங்கேதான் என்று கை நீட்டினேன். எல்லாரும் கரையிலேயே நின்றார்கள். அவ்வுக்காதான் முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு, "தங்கச்சி தண்ணியில நடுங்கிட்டு நிக்குது, உங்களுக்கு என்னடா வேடிக்கை" என்று அதட்டினார். இரண்டு நாளில் கட்டு எழும்பிவிட்டது. தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறியது, பாறையிடுக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறி அந்த மூலைக்கு வந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். இப்போது அங்கே மீன்கொத்தி வந்து உட்காருகிறது. எல்லார் கிணற்றிலும் ஒரு கை அளவு ஊறிவிட்டது, இந்த வருஷம் மரம் தப்பித்துவிடும்.

மோனப்பனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசிவிடாதே, இடம் காட்டியது நான். குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. நம் வீட்டுத் தெய்வம் உனக்கு முன்னும் பின்னும் நடந்து காக்கட்டும். ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது மகனே. அந்த மூலையில் எரித்தது என்னை என்றால், உன் அப்பா இதே இடத்தைக் காட்டியிருப்பாரா?

உன் அம்மா,
லிங்கம்மா