சித்தேரிக்கு வந்த ஆறு மூட்டை

24 மே 1943

மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, அரூர்வரை மாட்டுவண்டி, அப்புறம் மலைமேல் நடை. சித்தேரி வந்தாயிற்று. பஞ்ச நிவாரணத்துக்கு எங்கள் மிஷன் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து மாணவிகள் ஆறு பேர், கூட ஒரு சிஸ்டர். சேலத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். காலெல்லாம் கொப்புளம். கஞ்சி ஊற்ற வந்த எனக்கே ஊர்க்காரி சாலம்மாள் கஞ்சி ஊற்றினாள்.

27 மே

மூன்று வருஷமாக மழை இல்லை. காட்டுக்கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்கிறார்கள். செல்லியின் மகன் தீர்த்தகிரிக்கு ஐந்து வயது; வயிறு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அடுப்புக்கு மேலே சாணி மெழுகிய கூடை தொங்குகிறது. உள்ளே நிறையச் சாமை! எனக்குக் கோபம் வந்துவிட்டது. செல்லியின் புருஷன் கருப்பண்ணன் சொன்னார்: “அது வெதைங்க, டீச்சரம்மா. மழை வராம அதுல கை வெக்க மாட்டோமுங்க.” ஊரில் இருப்பதே பத்து வீடு; பத்திலும் இதே கதைதான்.

31 மே

எங்கள் கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது. ராணுவ ரயில்கள் போய் முடிகிறவரை அடுத்த சரக்கு வராதாம். தீர்த்தகிரி கண்ணைத் திறப்பதில்லை. அரை நாள் செல்லியிடம் பேசினேன். “சமையுங்கள். விதைக்கு நான் பொறுப்பு.” கருப்பண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். செல்லி கூடையை இறக்கினாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் இறக்கின.

பையன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அழுதுவிட்டேன்.

கையெழுத்து நன்றாக இருக்குமென்று சிஸ்டர் என்னையே சேலம் நிவாரணக் கமிட்டிக்கு எழுதச் சொன்னார். சாமை ஆறு மூட்டை கேட்டேன். இந்தப் பெண்களுக்கு உலக்கை தூக்கத் தெம்பில்லை, குத்திச் சுத்தம் செய்ததாக அனுப்பவும் என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

9 ஜூன்

மூட்டை வரவில்லை.

14 ஜூன்

மழை. ஊரே நனைந்துகொண்டு நின்றது. கருப்பண்ணன் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “வெதை எப்பங்க வரும்?”

17 ஜூன்

வந்தது. கருப்பண்ணன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். உமி இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இது சோத்துக்குங்க, டீச்சரம்மா. மொளைக்காது.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. குத்திய அரிசியை விதைத்தால் முளைக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மூட்டையை விதைக்கென்று நினைத்துத்தான் கேட்டேன், எழுதும்போது உலக்கைதான் ஞாபகத்தில் இருந்தது — ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். யார் கேட்டா அந்த ஒரு வரிய?

21 ஜூன்

சிஸ்டர் தந்தி அடித்தார். விதை அடுத்த மாதம் கிடைக்கலாமாம். ஈரம் அதுவரை நிற்காது. பக்கத்து ஊர்களில் அவரவர் விதை அவரவருக்கே பற்றவில்லை. யாருக்கும் தெரியாமல் செல்லி வீட்டின் பின்னால் ஒரு பிடி குத்திய சாமையைத் தூவியிருந்தேன். எறும்பு தின்றுவிட்டது.

26 ஜூன்

கிளம்பினோம். செல்லி பாதி மலைவரை கூட வந்தாள். “பையன் பொளைச்சானே, அது போதுமுங்க” என்றாள். எனக்காகச் சொன்னது.

12 ஜனவரி 1944

மொரப்பூர் மிஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். ஸ்டேஷனுக்குத் தபால் வாங்கப் போனேன். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி ஒருவர், ரயிலேறும் முன் பெயர்களை எழுதித் தரும்படி கேட்டார். காகிதத்தை வாங்கிய பிறகுதான் பார்த்தேன். சித்தேரிக்காரர்கள். பத்து வீடும்.

கருப்பண்ணன் கும்பிட்டார். எழுதிக்கொண்டே வந்தேன். தீர்த்தகிரி, வயது ஐந்து.

“எட்டுன்னு போடுங்க. கொழுந்து கிள்ளச் சேத்துக்குவாங்க” என்றார் கங்காணி.

இந்தத் தடவை செல்லியைக் கேட்டேன்.

“எட்டுன்னே போடுங்க, டீச்சரம்மா.”

போட்டேன்.