உன் கால் அளவு

புக்கிட் மேரா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மர்யமுக்கு வாப்பா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உம்மாவும் சுகம், நீயும் அங்கே மெல்பர்னில் சுகம்தானே என்று எழுத ஆசை, ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். குதிகால் வலியால் வார்டில் நிற்க முடியவில்லை, நர்ஸ் வேலையையே விட்டுவிடலாமா என்று உம்மாவிடம் அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு சிரிப்புப் படம் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

நோன்புப் பெருநாள் கழிந்து சிராங்கூன் ரோட்டில் நம் செருப்புக் கடைக்கு சுஷ்மிதா என்று ஒரு பிசியோதெரபி செய்யும் பெண் வந்தாள், வெறுங்கால் ஷூ இருக்கிறதா என்று கேட்டாள். அடி மெலிசாக, குதி உயராமல், முன்பக்கம் விரல் விரிய அகலமாக இருக்குமாம். வெறுங்காலில் நடக்க எதுக்கும்மா காசு கொடுத்து ஷூ வாங்கணும் என்று கேலி செய்தேன். அங்கிள், நீங்க ஷூவைக் கழட்டிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்க பார்ப்போம் என்றாள். ஐந்து எண்ணுவதற்குள் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கி அடைச்சே வச்சா காலுக்கு வேலை இல்லாமப் போயிடும், வலுவும் போயிடும் லா என்றாள். எனக்கு ஒரு ஜோடி வரவழைத்தேன். ஆர்வக்கோளாறில் முதல் நாளே கடை அடைக்கும்வரை போட்டதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, உம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நீ அப்படிச் செய்யாதே. முதலில் டாக்டரிடம் காட்டு, அவர் சரி என்றால் வீட்டுக்குள் பத்து நிமிடம் போட்டு நட, தரையில் துண்டைப் போட்டு விரல்களால் சுருட்டி இழு, சுவரைப் பிடித்துக் குதியை மெல்லத் தூக்கி இறக்கு. நான்கு மாதமாகச் செய்கிறேன், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது சுவரைப் பிடிக்காமல் காலைக் கழுவுகிறேன்.

இனி, சொல்லக் கூச்சமாக இருப்பதைச் சொல்கிறேன். அன்று கடையில் என் பெருவிரல் மற்ற விரல்கள் மேல் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோது உன் கால்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட நாளில் கடையில் விற்காமல் மிஞ்சிய ஒடுக்கமான வெள்ளை ஷூவைத்தான் வருஷா வருஷம் உனக்குக் கொண்டுவந்தேன். விரல் மடங்குது வாப்பா என்பாய். போடப் போட இளகிடும் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதையே உன்னிடமும் சொன்னேன். ஷூ இளகவில்லை, உன் விரல்தான் வளைந்தது. உன் வலிக்கு அதுதான் காரணமா என்று டாக்டர் சொல்லட்டும், ஆனாலும் வாப்பாவை மன்னித்துவிடு. வேலை அலுத்துப்போனால் தாராளமாக விடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கால் வலிக்காக மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதே.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உம்மாவுக்கு ஞாயிறு மறக்காமல் போன் செய். உன் காலுக்கும் மனசுக்கும் இறைவன் வலுவைத் தரட்டும். ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் முழுப் பாரமும் வைத்து நின்று, பக்கத்தில் இருக்கும் யாரையாவது இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லி அந்தத் தாளை அனுப்பு, அந்த அளவுக்கு ஒரு ஜோடி வரவழைத்து அனுப்புகிறேன். முப்பது வருஷமாக ஊரார் காலையெல்லாம் மண்டியிட்டு அளந்தவன், உன் காலை ஒரு நாளும் அளந்ததில்லை மகளே.

உன் வாப்பா,
அப்துல் முத்தலிப்