தக்காளிக்காரம்மா

மாமா, நான் ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். தரணிக்குக் கஞ்சி ஃபிளாஸ்கில் இருக்கிறது. சந்தைப் பையைக் கதவில் மாட்டியிருக்கிறேன். கத்தரிக்காய் பிஞ்சாகப் பார்த்து வாங்கு.

தக்காளி மட்டும் அந்த மூலைக்கடைக்காரியிடம் வாங்காதே. வாராவாரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மா, கேஜி எந்தம்மா?" என்று நீ தெலுங்கில் விலை கேட்டுக் கேட்டுத்தான், போன வாரம் தரணி முதல்முதலாக அவளைப் பார்த்து "அம்மா" என்றாள். நீயோ, "பாப்பா பேசிட்ச்சி தேவா!" என்று சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாய். பெற்றவள் நான், அம்மா அவளாம்! அக்கா என்று கூப்பிட்டால் தக்காளி தரமாட்டாளா?

பி.கு.: இதை எழுதும்போதே தரணி கண்விழித்து என்னைக் கூப்பிட்டாள். "தேவா" என்று, உன்னைப் போலவே இழுத்து.

இன்றிலிருந்து வீட்டில் நீயும் என்னை அம்மா என்றே கூப்பிடு.