பொறி என்று நீ சொன்னாய்

உன் சீரியல் லைட் பெட்டி என் மேசையில் இருக்கிறது. உள்ளங்கை அகலம், ஒரே பொத்தான். அழுத்த அழுத்த விளக்குகள் மின்னும் விதம் மாறும். நேற்று உன் மனைவி கேளம்பாக்கத்துக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கம் நீ ஒட்டிய தாளில், என் கையெழுத்தில், நான்கு ஆங்கிலச் சொற்கள். நான்காவதை நீ பேனாவால் அடித்திருக்கிறாய்.

கடற்கரை விடுதிக் கல்யாணங்களுக்கு விளக்குப் போடப் போனால் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள் என்று என்னிடம் வந்தாய். நான் ஆங்கிலப் பத்திரிகை நிருபர். மின்னுவதற்கான சொற்களை எழுதிக் கொடுத்து விளக்கினேன். ட்விங்கிள், நட்சத்திரம் மினுக்குவது போல. ஷிம்மர், உச்சிவெயிலில் கடல் தண்ணீர் நெளிகிறதே, அது. கிளிட்டர், ஜிகினாப் பளபளப்பு. ஃபிளிக்கர், அணைவதும் எரிவதுமாகத் துடிப்பது.

"இது லூஸ் கான்டாக்ட் அண்ணாத்த! எந்த மாப்ள வூட்டுக்காரன் இத்த கேப்பான்?" என்று சிரித்து, அதை அங்கேயே அடித்தாய்.

போன ஐப்பசியில் திருவிடந்தையிலிருந்து போன் செய்தாய். பேருந்து நிறுத்தத்து மின்கம்பத்தில் வயர்ப்பெட்டி திறந்து கிடக்கிறது, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தும் ஆள் வரவில்லை என்றாய்.

"வெளிச்சம் மினுக்குதா?" என்றேன்.

"மினுக்கலபா, பொறி பறக்குது. ஸ்பார்க்கு! பசங்க பக்கத்துல நின்னுகினு கீதுங்க. பேப்பர்ல போடு, அப்பதான் வருவானுங்க."

எழுதி அனுப்பினேன். "ஸ்பார்க்கை நேரில் பார்த்தீர்களா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம்தான், நான் வரவில்லை. கண்ணால் காணாததற்கு ஒரு படி குறைந்த சொல்லைப் போடுவது என் முப்பது வருடப் பழக்கம். அதைக் கவனம் என்று நினைத்திருந்தேன். ஃபிளிக்கர் என்று மாற்றினேன். உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. விளக்கு துடிப்பதற்கு யார் ஓடி வருவார்கள்?

யாரையோ படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அழைத்தாய். "இன்னா அண்ணாத்த, நம்ம லூஸ் கான்டாக்ட போட்டுட்டியே! சரி, வுடு."

மூன்றாம் நாள் காலை மழை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் கால் வைத்துவிடாமல், கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டப் போனாய். முதலில் கால் வைத்தது நீதான்.

உன் சாவுச் செய்தியையும் நானே எழுதினேன். முதல் வரியிலேயே ஸ்பார்க் என்று போட்டேன். நேரில் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது யார் போன் செய்தாலும் கிளம்பிவிடுகிறேன். போன வாரம் கடப்பாக்கம் வரை போனேன். ஒரு தெருவிளக்கு. உண்மையிலேயே ஃபிளிக்கர்தான். "அவ்ளோதான் சார், ஒண்ணுமில்ல, நீ கெளம்பு" என்றார்கள். அந்தக் கம்பத்தடியில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன்.